60,000 ரூபாய்ச் சீட்டுப் பணமும் ஒரு கேமிங் கம்ப்யூட்டரும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், 2023 மே மாதம், அக்கா பையன் வாட்ஸப்பில் ஒரு விளம்பரப் படம் அனுப்பினான். கேபினெட் முழுக்க வண்ண வண்ண விளக்கு. அதன் கீழே கொட்டை எழுத்தில் ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, விலை 28,000. "மாமா, இதை எடுத்துட்டா மிச்சப் பணத்துல கேமிங் சேரும் வாங்கிடலாம்" என்று பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ். அக்காவுக்கு அந்த மாதம்தான் சீட்டு விழுந்திருந்தது. 60,000 ரூபாய். மாசாமாசம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப்போகிறான், படிப்புக்கும் ஆகணும், அவன் ஆசைக்கும் ஆகணும், நீயே கூட இருந்து வாங்கிக் கொடு என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

நான் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எந்த ஐ7? முழு நம்பரைக் கேட்டுச் சொல்லு."

மறுநாள் சொன்னான்: ஐ7 2600. அது 2011 ஜனவரியில் வந்த இன்டெல் பிராசசர், கம்ப்யூட்டரின் மூளை. அதன் காலத்தில் ராஜா, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் அந்தந்த வருஷத்து வரிசைக்குள் இருக்கிற படிகள் மட்டும்தான். பின்னால் வரும் நம்பர்தான் எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லும். 2022-ல் வந்த ஐ3 12100-க்கும் நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் மூளைகள்), எட்டு த்ரெட்தான் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்), அந்தப் பழைய ஐ7-க்கும் அதேதான், ஆனாலும் கேமில் இந்த ஐ3 அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதோடு விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஆதரவுப் பட்டியலில் அந்த ஐ7 கிடையவே கிடையாது. சரி, 4 ஜிபி கார்டு? ஜிடி 730. 2014-ல் வந்தது, வீடியோ பார்க்கவும் இன்னொரு மானிட்டர் மாட்டவும் உதவுகிற கார்டு. கார்டில் எத்தனை ஜிபி என்று கேட்பது, லாரியின் டீசல் டேங்க் எவ்வளவு பெரிசு என்று கேட்டு அதன் வேகத்தைக் கணிப்பது போலத்தான். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறோம், கடைக்காரர்களும் கேட்டதற்குப் பதில் சொல்கிறார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். மூன்று வாரம் தினமும் ராத்திரி போனில் பேசினோம். அதில் தேறியதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது, ஏனென்றால் அவனைப் போல முதல் கம்ப்யூட்டருக்குக் காசு சேர்க்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். ஏமாந்தால் போவது ஏதோ ஒரு அம்மாவின் சீட்டுப் பணம்.

முதலில் என்ன கேம் விளையாடப் போகிறாய் என்று கேட்டேன். வேலரன்ட், ஜிடிஏ 5, எல்டன் ரிங் என்றான். இந்த மூன்றும் கம்ப்யூட்டரிடம் கேட்பது ஒரே மாதிரி இல்லை. வேலரன்ட் லேசான கேம், ஆனால் அதில் ஃப்ரேம் ரேட், அதாவது ஒரு நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்லது, அதற்கு வேலை செய்வது பெரும்பாலும் பிராசசர். எல்டன் ரிங் எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் 60 ஃப்ரேமுக்கு மேல் போகாது, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள், ஆனால் அந்த 60-ஐத் தடுமாறாமல் கொடுக்க ஓரளவு நல்ல கார்டு வேண்டும். அடுத்தது மானிட்டர். 1920க்கு 1080 என்றால் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள், 4கே என்றால் அதில் நான்கு மடங்கு, 80 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அத்தனை புள்ளிகளையும் கார்டு வரைந்தாக வேண்டும். நம் பணத்துக்கு 1080தான் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டோம். இந்த முடிவை எடுக்காமல் கார்டு தேட ஆரம்பித்தால் யூடியூப் பார்த்துப் பார்த்து பட்ஜெட் லட்சத்தில் போய் நிற்கும்.

மானிட்டர் மட்டும் என் கணக்கு, மாமன் சீர் என்று வைத்துக்கொள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். மற்ற எல்லாம் நாலைந்து வருஷத்தில் மாறிவிடும், மானிட்டர் பத்து வருஷம் கண் முன்னால் நிற்கும், அதில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 24 இஞ்ச், ஐபிஎஸ் (நிறம் நன்றாகத் தெரியும் திரை வகை), 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 தடவை படம் மாறும்), 11,500 ரூபாய்.

மீதி 60,000-ல் பெரிய பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குத்தான். மூன்றில் ஒரு பங்கு, முடிந்தால் கொஞ்சம் கூடவே. அப்போது எங்கள் முன்னால் இருந்தவை ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050, ஆர்எக்ஸ் 6600. முதல் இரண்டும் என்விடியா கம்பெனியுடையவை, கடைசி ஏஎம்டியுடையது. பெயர் தெரிந்த கார்டு என்பதால் 1650-ஐத்தான் எல்லோரும் சொன்னார்கள், 14,000-க்குக் கிடைத்தது. ஆறாயிரத்து ஐந்நூறு சேர்த்தால் 6600, வேகமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு, மெமரியும் 4 ஜிபிக்குப் பதில் 8. ஆர்டிஎக்ஸ் 3050 இன்னும் விலை கூட, வேகத்தில் 6600-க்குக் கீழே. பெட்டியில் ஆர்டிஎக்ஸ் என்ற எழுத்து இருப்பதற்கு ஒரு விலை, அவ்வளவுதான். என்விடியா பக்கம் உண்மையாகவே மேலான விஷயங்கள் உண்டு, அதையும் அவனிடம் மறைக்கவில்லை. டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்த படத்தை ஏஐ வைத்துப் பெரிதாக்கி ஃப்ரேமைக் கூட்டும் வசதி) இருக்கிறது, பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் வேலை செய்கிறவர்களுக்கும் மெஷின் லேர்னிங் படிக்கிறவர்களுக்கும் குடா என்ற என்விடியாவின் கணக்குப் போடும் வசதி இல்லாமல் கஷ்டம். "எனக்கு கேம்தான் மாமா, அது காலேஜ் லேப்ல பாத்துக்கறேன்" என்றான். அந்தப் பதிலுக்குப் பிறகு கேள்வி முடிந்துவிட்டது. ஆர்எக்ஸ் 6600, 20,500.

பழைய கார்டு வாங்கலாமா என்றும் பேசினோம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங், அதாவது கிராபிக்ஸ் கார்டை ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது, நின்றபோது ராத்திரி பகலாக ஓடிய கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டு கெட்டுப்போயிருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றி நன்றாக ஓடுபவை உண்டு. ஆனால் ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே கோர் குறைக்கப்பட்ட 2048எஸ்பி என்ற வகை ஒன்று இருக்கிறது, பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டின் பயாஸை, அதாவது உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை புரோகிராமை, மாற்றி 1050 டிஐ என்று விற்கிற போலிகளும் இருக்கின்றன. கார்டு உண்மையில் எது என்று காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்க்க விடுகிற ஆளிடம் மட்டும் வாங்கலாம். முதல் கம்ப்யூட்டர், வாரண்டி இருக்கட்டும் என்று நாங்கள் புதுசுக்குப் போய்விட்டோம்.

பிராசசரில்தான் நிறைய சண்டை. ஐ3 12100எஃப் 8,700 ரூபாய், ஏஎம்டியின் ரைசன் 5 5600 12,000. 6600 கார்டோடு சேர்த்தால் அன்றைய பெரும்பாலான கேம்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இதை அவனே கண்டுபிடித்து வந்து, அப்போ எதுக்கு மாமா 3,300 கூட என்று கேட்டான். நல்ல கேள்வி. வெறும் கேமுக்கு மட்டும் என்றால் நானே ஐ3 என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நான்கு வருஷம் புரோகிராமிங் செய்யப்போகிற பையன், பின்னால் பிரவுசரில் முப்பது டேப், ஒரு விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்), டிஸ்கார்டு எல்லாம் ஓடும்போது ஆறு கோர் இருப்பது மூச்சு விட இடம் கொடுக்கும். அப்புறம் அந்த சாக்கெட், மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம். 2017-ல் முதல் ரைசன் வந்த அதே ஏஎம்4தான், பழசுதான், ஆனால் பழசானதால் போர்டும் டிடிஆர்4 ரேமும் அப்போது மலிவு. நாளைக்கு வேண்டுமென்றால் போர்டை மாற்றாமலே கேமுக்கென்று வந்த எட்டு கோர் எக்ஸ்3டி பிராசசர் மாட்டலாம் என்பதும் ஒரு கணக்கு. புதிய ஏஎம்5-க்குப் போனால் போர்டு, டிடிஆர்5 என்று பத்தாயிரம் கூடியிருக்கும், அந்தப் பத்தாயிரம் கார்டிலிருந்துதான் போயிருக்கும்.

கடையில் ஒருவர் "5600 எதுக்கு தம்பி, 5600ஜி எடுத்துக்கங்க, அதுல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு" என்றார். தனிக் கார்டு வாங்குகிறவனுக்கு அந்த ஜி தேவையில்லை. 5600-ல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி) 32 எம்பி, 5600ஜி-யில் 16, அந்தப் பாதிக் கேஷ் கேமில் தெரியும். இதையே திருப்பிச் சொன்னால், மொத்தமே 30,000, 35,000தான் கையில் இருக்கிறது என்பவருக்கு 5600ஜி அப்போது அருமையான வழி. இன்றைக்கு உள்ளிருக்கும் கிராபிக்ஸில் வேலரன்ட் விளையாடிவிட்டு, அடுத்த வருஷம் கார்டு சேர்க்கலாம். அப்படிச் செய்தால் ரேமை ஒரே 16 ஜிபியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும், ஒற்றை ரேம் என்றால் வழி பாதியாகக் குறுகிவிடும்.

இப்போது எஸ்எம்பிஎஸ், எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி. இங்கே நான் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும்.

2012-ல் நான் திருச்சியில் கடைசி வருஷம் படித்தபோது எனக்கும் ஒரு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இருந்தது. கேபினெட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ், மேலே 450 வாட் என்று போட்டிருந்தது. ஒரு பழைய கார்டு வாங்கி மாட்டினேன். மூன்று மாதம் ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் பட்டென்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாடை. எஸ்எம்பிஎஸ் போனது மட்டுமில்லை, மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. அந்த டிஸ்க்கில்தான் என் புராஜெக்ட் ரிப்போர்ட் முழுவதும் இருந்தது. அப்பா ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்து வாங்கித் தந்த கம்ப்யூட்டர் அது. அவர் ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் இன்றைக்கும் மனதில் இருக்கிறது.

பின்னால்தான் அந்த ஸ்டிக்கரைச் சரியாகப் படித்தேன். 12 வோல்ட் என்ற கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அநேகமாக முழுக்க அந்த 12 வோல்ட்டைத்தான். 450 என்பது பெரிய எழுத்து, 192 என்பதுதான் உண்மை. நல்ல 550 வாட் யூனிட்டில் அந்தக் கட்டத்தில் 43, 45 ஆம்பியர் இருக்கும், பெருக்கினால் 516, 540 என்று வரும். 6600 கார்டு 132 வாட், 5600 பிராசசர் 65 வாட், மீதி எல்லாவற்றுக்கும் ஐம்பது என்று வைத்தால் 250-க்குள் அடங்கிவிடும், பிறகு எதற்கு 550 என்று கேட்பீர்கள். கார்டு கண நேரத்துக்கு அதைவிட மிக அதிகமாக இழுக்கும், அதைத் தாங்க வேண்டும், நாளைக்குப் பெரிய கார்டு போட்டாலும் இதையே வைத்துக்கொள்ள வேண்டும். 80 பிளஸ் ப்ரான்ஸ் என்ற முத்திரை பற்றியும் ஒரு வார்த்தை: பாதி லோடில் 85 சதவீதம் மின்சாரத்தை வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று அது. பாதுகாப்புக்கான சான்று இல்லை. அதிக வோல்ட்டேஜ், அதிக கரண்ட், ஷார்ட் சர்க்யூட் மூன்றுக்கும் பாதுகாப்பு எழுதியிருக்கிறதா, வாரண்டி ஐந்து வருஷமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். 4,300 ரூபாய்க்கு அப்படி ஒன்று கிடைத்தது. 1,200-க்கு 'அதே 550 வாட்' தருகிறேன் என்றவரும் அதே தெருவில் இருந்தார்.

போன வருஷம் அவன் கிளாஸ்மேட் ஒருவன் ஏதோ கடையில் செட் வாங்கப் போனபோது இவனும் கூடப் போயிருக்கிறான். அங்கிருந்து எனக்கு எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர் போட்டோ ஒன்று வந்தது. கீழே, "12 வோல்ட் 18 ஆம்ப் மாமா, வேணாம்னு சொல்லிட்டேன்."

ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் அப்போது அதிகம் யோசிக்கவில்லை. டிடிஆர்4 3200, இரண்டு 8 ஜிபி, 3,600. என்விஎம்இ (நேராக போர்டில் சொருகும் வேகமான எஸ்எஸ்டி) 500 ஜிபி, டிஎல்சி (கொஞ்சம் நீடித்து உழைக்கும் மெமரி) வகையா என்று மட்டும் பார்த்தோம், 2,700. போர்டு பி450, நான்கு ரேம் இடம் உள்ளது, 6,500. பி450 வாங்குகிறவர்கள் பெட்டி மேல் ரைசன் 5000-க்குத் தயார் என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பயாஸ் பழசாக இருந்து புது பிராசசரை அடையாளம் தெரியாமல் கறுப்புத் திரையோடு நிற்கும். கேபினெட் முன்பக்கம் கண்ணாடி வேண்டும் என்று ஆசைப்பட்டான். அக்கா ஊரான மன்னார்குடியின் மே மாத வெயிலில் அறையே 36, 37 டிகிரி, காற்று உள்ளே போக வழியில்லாமல் கண்ணாடி போட்டு அடைத்தால் ஃபேன் சுடுகாற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பும். முன்பக்கம் வலை போட்ட கேபினெட், 3,000. விளக்கு இருந்தது, அவனுக்கும் சந்தோஷம். டெல்டாவில் கரண்ட் போவதும் வருவதும் சொல்லவே வேண்டாம், 600 விஏ யுபிஎஸ் ஒன்று. 600 விஏ என்பதும் பெரிய எழுத்துதான், வாட்டில் அது 360, சேவ் செய்து அணைக்க அது போதும்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மன்னை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கினான். சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தே போனோம். அந்தத் தெருவைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்வார்கள். எனக்கு அந்த இடம் பிடிக்கும். குறுகலான சந்து, தலைக்கு மேல் ஒயர்கள், செங்குத்தான மாடிப்படி ஏறினால் அலமாரி முழுக்கப் பெட்டிகள், ஒரு ஸ்க்ரூவுக்காக அலைகிறவனும் லட்ச ரூபாய் சாமான் வாங்குகிறவனும் ஒரே கடை வாசலில் நிற்பார்கள். நாலு கடையில் கொட்டேஷன் வாங்கினோம். மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தவரிடம் ஒவ்வொன்றுக்கும் மாடல் நம்பரும் விலையும் தனித்தனியாக எழுதச் சொன்னோம். எழுத மறுத்த கடையிலிருந்து வந்துவிட்டோம். எஸ்எம்பிஎஸ்ஸும் ரேமும் எந்த மாடல் என்று எழுதாத கொட்டேஷனில் குறைப்பது அந்த இரண்டில்தான்.

பிராசசரை டிரே பீஸாகத் தருகிறேன், 1,500 குறையும் என்றார் ஒருவர். டிரே என்றால் பெட்டி இல்லை, கூலர் இல்லை, கம்பெனியின் மூன்று வருஷ வாரண்டியும் இல்லை, கடைக்காரர் வாய்ச்சொல்தான் வாரண்டி. பில் இல்லாமல் எடுத்தால் இன்னொரு விலை என்றார் இன்னொருவர். 18 சதவீத ஜிஎஸ்டி வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு வருஷம் கழித்து கார்டு போனால் சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரோடு கூடிய அந்தப் பில்லைத்தான் கேட்பார்கள். பில் போட்டே வாங்கினோம், பில்லில் சீரியல் நம்பர் எழுத வைத்தோம். கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ், ஹெட்செட் எல்லாம் சேர்த்து 58,900 ஆனது.

கடையிலேயே அசெம்பிள் செய்து தருகிறோம் என்றார்கள். அவன் வேண்டாம் என்றுவிட்டான், எனக்கும் அதுதான் ஆசை. அன்று ராத்திரி அதே ரயிலில் பெட்டிகளோடு ஊருக்குப் போனோம். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேட்டியை விரித்து உட்கார்ந்தோம். ஏஎம்4 பிராசசருக்கு அடியில் 1331 பின், ஒன்று வளைந்தாலும் கஷ்டம், மூலையில் இருக்கும் தங்க நிற முக்கோணத்தை சாக்கெட் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால் தானாக உட்காரும், அழுத்தவே கூடாது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான். பிராசசர் பெட்டியில் வந்த கூலருக்கு போர்டின் மேல்பக்கப் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும், கழற்றும்போது போர்டின் பின்னால் இருக்கும் இரும்புத் தகடு கீழே விழுந்துவிடும், அதை ஒரு கையால் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். அக்கா வந்து பிடித்தாள். ரேம் இரண்டையும் இரண்டாவது, நான்காவது இடத்தில் போட்டோம்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் சிக்னல் இல்லை. அவன் முகம் விழுந்துவிட்டது. பின்னால் போய்ப் பார்த்தால் மானிட்டர் ஒயர் போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் சொருகியிருந்தது. 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாதே, அந்தத் துளையிலிருந்து படம் எப்படி வரும். ஒயரைக் கார்டுக்கு மாற்றியதும் வந்துவிட்டது.

அதோடு முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், இரண்டு வேலை பாக்கி இருக்கும். ரேம் 3200 என்று காசு கொடுத்து வாங்கினாலும் போர்டின் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்யாதவரை மெதுவாகத்தான் ஓடும், எங்களுடையது 2400-ல் நின்றிருந்தது. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் இருந்தது. 165 என்று மாற்றியதும் அவன் வெறும் மவுஸ் அம்புக்குறியை இடமும் வலமும் ஐந்து நிமிஷம் ஆட்டிக்கொண்டே இருந்தான். "அம்மா, இங்க வந்து பாரேன், வழுக்கிக்கிட்டுப் போவுது" என்றான். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அவளுக்கு வித்தியாசம் தெரிந்ததா என்று தெரியாது, ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

இங்கே எழுதிய விலைகளை இன்றைக்குக் கடையில் தேடாதீர்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றம் கொஞ்சநஞ்சமில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போகின்றன, அந்த டிசம்பரில் மெமரி செய்யும் மைக்ரான் கம்பெனி தன் க்ரூஷியல் பிராண்டை, நம்மைப் போன்றவர்கள் ரேமும் எஸ்எஸ்டியும் வாங்கிய பிராண்டை, மூடப்போவதாக அறிவித்தது. இப்போது வாங்குகிறவர்கள் நாங்கள் யோசிக்காமல் கடந்த ரேமில்தான் முதலில் யோசிக்க வேண்டும், நல்ல நிலையில் இருக்கும் பழைய டிடிஆர்4 கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம், ரேம் அவ்வளவு சீக்கிரம் கெடுகிற சாமான் இல்லை.

போன வாரம் அவன் போன் செய்தான். கடைசி வருஷ புராஜெக்ட் வரப்போகிறது, இரண்டு விர்ச்சுவல் மெஷின் சேர்ந்து ஓடினால் 16 ஜிபி திணறுகிறது, 32 ஆக்கலாமா மாமா என்று கேட்டான். 2023-லேயே இன்னொரு 3,600 போட்டிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. விலை பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போர்டில் அந்த இரண்டு இடமும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.